அறுபத்து நான்கு மோட்டார் பெட்டிகள்

மரிய சுகந்தி வேலை பார்ப்பது சேதராப்பட்டில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னத் தொழிற்சாலையில். வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே போன் மூலம் போடவும் நிறுத்தவும் உதவுகிற பெட்டிகளை அங்கே செய்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அதற்கு ஒரு மெசேஜ் போனால் மோட்டார் ஓடும், இன்னொன்று போனால் நிற்கும். பாலிடெக்னிக் முடித்த கையோடு சால்டரிங் மேசையில் சேர்ந்தவள், பதினோரு வருடத்தில் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் இடத்துக்கு வந்திருந்தாள்.

போன தை மாதம் குருவிநத்தத்திலிருந்து சுப்புராயன் என்ற விவசாயி போன் செய்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு, அதில் சிக்கிய சாக்குத் துணியை எடுக்கக் கையை நீட்டினாராம். மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. விரல்கள் தப்பியதே பெரிய காரியம்.

“அவரே தெரியாம போன்ல அழுத்தியிருப்பாரு” என்றார்கள் ஆபீசில். சுகந்திக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்கூட்டியில் நேரே குருவிநத்தம் போய், லேப்டாப்பை மாட்டி, பெட்டியில் பதிவாகியிருந்ததைப் பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாத எண்ணிலிருந்து உத்தரவு வந்திருந்தது. மெசேஜோடு வரும் ரகசிய எண் சரியாக இருந்தால் போதும், அனுப்பியது யார் என்று பெட்டி பார்ப்பதே இல்லை. அந்த ரகசிய எண்ணோ எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். மாற்றவும் வழியில்லை.

இரண்டு வாரம் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினார்கள். இனி சொந்தக்காரர் எண்ணிலிருந்து, அவர் தானே வைத்த ரகசிய எண்ணோடு வந்தால்தான் மோட்டார் ஓடும். புதிய பெட்டிகளுக்கெல்லாம் அது சிம் வழியாகவே போய்ச் சேர்ந்தது. குருவிநத்தம் உட்படப் பாகூர் பக்கம் விற்ற பழைய பெட்டிகள் அறுபத்து நான்கு. அவற்றுக்கு மட்டும் வயலுக்கே போய் ஒயர் மாட்டித்தான் ஏற்ற வேண்டும்.

“சும்மா சர்வீசுக்கு வந்தோம்னு சொல்லிடு. ஓட்டைன்னு சொன்னா நம்ம பெட்டிய எவன் வாங்குவான்?” என்றார் மேலாளர் தமிழ்க்குமரன்.

“மோட்டார்ல கைய வெச்சவரு அந்த விவசாயி சார். சொல்லாம எப்படி?”

தமிழ்க்குமரன் வயல்களின் பட்டியலை எடுத்து நீட்டினார். “சரி, சொல்லு” என்றார்.

முதல் மூன்று வயலில் வேலை சுலபமாக முடிந்தது. நான்காவது, குருவிநத்தத்திலேயே இருந்த தையலம்மாளுடையது. ஐம்பதை நெருங்கியவர், முழங்கால் தேய்ந்து நடக்கச் சிரமப்படுகிறவர். வயல் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர். அந்த நடையை மிச்சம் பிடிக்கத்தான் பெட்டியே வாங்கியிருந்தார். சுகந்தி திருத்தம் ஏற்றிக்கொண்டிருந்த ஏழு நிமிடத்துக்குள் பக்கத்து வயலில் பெரிய மோட்டார் ஒன்றைப் போட்டார்கள். கரண்ட் ஒரு முறை துவண்டு எழுந்தது. பெட்டியில் விளக்கு அணைந்துவிட்டது. பழைய புரோகிராமும் இல்லை, புதியதும் இல்லை.

நெல் கதிர் வாங்கும் நேரம், தண்ணீர் தவறக் கூடாது. சுகந்தி ஸ்கூட்டியை எடுத்தாள். தையலம்மாள் வீட்டுக்குப் போய், கண் கலங்க உள்ளதைச் சொன்னாள்.

“அக்கா, பெட்டி செத்துப்போச்சு. என்னாலதான். கம்பெனிக்கு எடுத்துட்டுப் போயி சரி பண்ணணும், ரெண்டு நாள் ஆவும்.”

தையலம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். “இன்னாத்துக்கு இப்ப அழுவுற? நீ வந்து சொல்லலன்னா எனக்கு இது ஓட்டைன்னே தெரிஞ்சிருக்காது. கையாலதான் போடணும்னா போட்டுக்கறேன், போ.”

“இந்தக் கால வெச்சிக்கினு நீங்க நடக்க வேணாங்க்கா. நான் வந்து போடறேன்.”

சொன்னபடியே இரண்டு நாளும் விடிந்ததும் கிளம்பி, மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் வருவதற்குள் குருவிநத்தம் வந்து கையால் மோட்டார் போட்டாள். இரண்டாவது நாள் தண்ணீர் பாயும்வரை கொட்டகையில் காத்திருந்தபோதுதான் அவளுக்கு வழி தோன்றியது. வயல் கரண்டை நம்பாமல், ஒரு ஸ்கூட்டி பேட்டரியிலிருந்து பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே ஏற்றினால் என்ன? மூன்றாம் நாள், சரி செய்து வந்த பெட்டியில் திருத்தத்தை அப்படித்தான் ஏற்றினாள். தையலம்மாள் வீட்டிலிருந்தே மெசேஜ் அனுப்பினார். தண்ணீர் கொட்டியது.

அதற்குள் ஊரில் பேச்சு பரவியிருந்தது. “நல்லா இருக்கற பெட்டிய கெடுத்துட்டுப் போவாங்க, கிட்ட சேக்காதீங்க” என்று சிலர் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். தையலம்மாள் சுகந்தியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். வீடு வீடாக அவரே பேசினார்.

“கெட்டது என் பொட்டிதான். எனக்கே கோவம் இல்ல, உனக்கு இன்னாபா? தொறந்து வுடு. எவனோ எங்கியோ குந்திக்கினு ஒன் மோட்டார போடறான், அது பரவால்லியா?”

சுப்புராயனும் தன் கை தப்பிய கதையைச் சொன்னார். பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பத்தொன்பது நாளில் அறுபத்து நான்கு பெட்டிகளும் முடிந்தன. அதன்பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை.

அறுவடை முடிந்து சுகந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்து, கணவனோடும் மகளோடும் தையலம்மாளைப் பார்த்துவர அவர் வீட்டுக்குப் போனாள். இன்று தொழிற்சாலையில் செய்யும் பெட்டிகளில், புதிய புரோகிராம் பாதியில் நின்றாலும் பழையது அழியாமல் இருக்கத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். சுகந்தி பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய மாற்றம் அது. அதைப் பற்றி அவளைக் கேட்டால் பேச்சு தையலம்மாள் பக்கம் போகிறது.

“அன்னிக்கு அந்த அக்கா ஒரு வார்த்த திட்டியிருந்தா, அஞ்சாவது வயலுக்குப் போற தைரியம் எனக்கு வந்திருக்காதுங்க. மீதி அறுபது பெட்டியும் அவங்க குடுத்தது.”