பிணமாகப் படுத்தவர் சிரிக்க வேண்டும்

பேய்ப் படங்களில் எனக்கு இன்றுவரை பிடிபடாத சங்கதி, பேயின் வெள்ளைப் புடவைக்கு யார் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதுதான். சாகும்போது அந்தப் பெண் நைட்டியில் இருந்திருப்பாள். இல்லை, புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு களை எடுத்துக்கொண்டு இருந்திருப்பாள். செத்ததும் எங்கிருந்தோ கஞ்சி போட்ட புடவை வந்துவிடுகிறது. நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பேய் வந்து நின்றால் நான் சத்தியமாகப் பயப்படுவேன். அது ஒரு டைரக்டருக்கும் தோன்றவில்லை.

நான் உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவள். பஸ்ஸில் மற்ற பெண்கள் தூங்குவார்கள், சீரியல் பார்ப்பார்கள். எனக்குப் பேய் வேண்டும். பேய் கிடைக்காவிட்டால் வேற்றுக்கிரகம். அதுவும் கையில் காசில்லாதவர்கள் எடுத்த படமாக இருக்க வேண்டும். துட்டு இருக்கிறவன் எல்லாவற்றையும் காட்டித் தொலைத்துவிடுகிறான். பேயின் பல், நகம், அது குடியிருக்கும் கிணறு, கிணற்றுக்குள் இன்னொரு கிணறு. துட்டு இல்லாதவன் ஒரு மூடின கதவைக் காட்டுகிறான். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ, அதை நான்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். என் நினைப்புக்கு அவன் செலவு பண்ண வேண்டியதில்லை.

ஒரு படத்தில் செவ்வாய் கிரகத்தில் போய் இறங்கினார்கள். இறங்கின இடத்தைப் பார்த்து பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். எங்கள் பக்கத்துக் கல் குவாரி! ஓரத்தில் டிப்பர் லாரியின் டயர்த் தடம் அழியாமல் கிடந்தது. மனுஷன் கால் வைப்பதற்கு முன்னால் செவ்வாயில் ஜல்லி ஏற்றியிருக்கிறார்கள். விண்கலத்தின் உள்சுவர் முழுக்க முட்டை அடுக்குகிற அட்டை, அதன் மேல் வெள்ளிப் பெயின்ட். வேற்றுக்கிரகத்து ஆள் மட்டும் பட்டிமன்றத் தமிழ் பேசினான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், எங்கள் பேச்சு அவன் காதில் விழவே விழாதா என்றெல்லாம் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும். மளிகைக் கடையில் முட்டை அட்டையைப் பார்த்து, இதில் வானத்துக்குப் போகலாம் என்று ஒருவனுக்குத் தோன்றியதே, அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கிறது.

அப்படிப்பட்ட புத்திக்காரன் ஒருவன் போன கோடைக்கு முந்தின கோடையில் எங்கள் ஊருக்கே வந்தான். தொப்பி போட்ட சின்ன வயசு டைரக்டர். கூட ஒரு கேமராக்காரர், ஒரு நடிகர், இன்னும் சில பையன்கள். ஏரிக்கரையில் ஒரு சாவுக் காட்சி எடுக்க வேண்டும் என்றார்கள். பாடை கட்டுவதற்கு எங்கள் நைனாவைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கூலி வேலைக்காரர். எங்கள் காலனியில் யார் செத்தாலும் மூங்கில் வெட்டிப் பாடை கட்டுவது அவர்தான்.

தப்பு அங்கேதான் நடந்தது. சினிமாவுக்கு என்றால் ஏதோ நாலு கழியைக் கட்டிக் கொடுத்திருக்கலாம். நைனாவுக்குப் பொய்யாகக் கட்டத் தெரியாது. பச்சை மூங்கில், தென்னங்கீற்று, வைக்கோல், மேலே பூ என்று நிஜச் சாவுக்கு எப்படியோ அப்படியே கட்டி நிறுத்தினார். நடிகர் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார், இது ஒரிஜினலா இருக்கு. இதுல நான் படுக்க மாட்டேன்" என்று வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். யார் கெஞ்சியும் இறங்கவில்லை.

டைரக்டர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். வெயில் வேறு போய்க்கொண்டிருந்தது. இந்த மாதிரிப் படங்களில் ராத்திரியைப் பகலில்தான் எடுப்பார்கள். பிறகு நீலமாக்கிவிடுவார்கள். அதனால்தான் அமாவாசையில்கூடப் பேய்க்கு நிழல் விழும்.

நைனா அவன் முகத்தைப் பார்த்தார். "இன்னா தம்பி, இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு கீற? நான் கட்டுனது, நானே படுத்துக்கிறேன். தாங்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்.

எனக்கு அன்று லீவு. வேடிக்கை பார்க்கப் போனவளையும் அவர்கள் விடவில்லை. புகை மெஷின் வரவில்லையாம். ஒரு சட்டியில் தேங்காய் நாரும் சாம்பிராணியும் போட்டு, கையில் முறத்தைக் கொடுத்து, புதர் மறைவில் என்னை உட்கார வைத்தார்கள். ஆக, அந்தப் படத்தின் மூடுபனி நான்தான். கண்ணெல்லாம் எரிந்து, எதிரில் நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

நைனாவுக்குச் சோறு கொண்டுவந்த அம்மா கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றாள். பாடையில், கழுத்தில் மாலையோடு, நெற்றியில் காசோடு புருஷன். விஷயம் தெரியும், பொய் என்று தெரியும், இருந்தும் ஓவென்று அழுகை பிடித்துக்கொண்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "அப்படியே சவுண்ட் எடுங்க" என்று அவன் கத்தினது புகைக்குள்ளிருந்த எனக்கும் கேட்டது.

முடிந்ததும் கேமராக்காரர் ஒரு வழக்கம் சொன்னார். பிணமாகப் படுத்தவரை அப்படியே எழுப்பக்கூடாது. கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் எடுத்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும், பூசணிக்காய் உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுத்தவருக்கு ஆகாது. பூசணிக்காய் வாங்கி வர மறந்துவிட்டார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கினார்கள். அம்மா முந்தானையை விலக்கிப் பார்த்தபோது நைனா எழுந்து உட்கார்ந்து பீடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பிடித்தது வினை. "பூசணிக்காய்க்கே வக்கில்லாதவன், சிரிக்கிறதுக்குன்னு தனியா ரீல் செலவு பண்ணியிருப்பானா?" என்றாள் அம்மா.

"இப்பல்லாம் ரீல் இல்லம்மா, கார்டு."

"கார்டோ கவரோ, என் கண்ணால நான் பாக்கல."

"எடுத்தாங்கமே. நான் சிரிச்சேன்" என்றார் நைனா.

"நீ சிரிச்ச? யார்கிட்ட கத வுடுற? நீ என்னிக்கு சிரிச்ச ஆளு?"

அம்மா சொன்னதும் நிஜம்தான். நைனா ஆதார் கார்டில்கூட ஃபோட்டோ எடுத்தவனை அடிக்கப் போகிறவர் மாதிரிதான் இருப்பார். அதிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் பாடைதான் காரணம். நைனா வரப்பில் வழுக்கினால் பாடை. மாடு முட்டினால் பாடை. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவருக்கு அடிவயிற்றில் வீக்கம் வரும்வரை.

குடலிறக்கம் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் சின்னதுதான், ஆனால் தள்ளிப்போடக்கூடாது, குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நைனா சரி என்றார். அம்மா முடியாது என்றாள்.

"ஒரு தபா பொணமா படுத்து எந்திரிச்ச ஆளு. அந்த குத்தம் கயியாம மறுபடியும் துணி போத்திப் படுக்க வெக்க நான் ஒத்துக்க மாட்டேன். இந்த ஆளு சிரிச்சத எனக்குக் காட்டு. அன்னிக்கே கூட்டிக்கினு போவலாம்."

சண்டை போட்டேன், கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்தேன். மலையைக் கூட நகர்த்தலாம், எங்கள் அம்மாவை நகர்த்த முடியாது. நைனாவும் அவளை மீறிப் போகிறவர் இல்லை. ஒரு நாள் காலையில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சுருண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வீக்கம் உள்ளே போய்விட்டது. அடுத்த தடவையும் போகும் என்று என்ன நிச்சயம்? அந்தப் படத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

டைரக்டரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. படத்தின் பேர் எடுக்கும்போதே மாறிக்கொண்டிருந்தது. ஃபோனில் யார் யாரோ ஏற்றி வைத்திருக்கிற பேய்ப் படங்களை, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று பார்க்க ஆரம்பித்தேன். ஆசைக்குப் பார்த்ததை இப்போது அவசரத்துக்குப் பார்த்தேன். இருந்தும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. எல்லாப் படத்திலும் முதலில் சாவது வாட்ச்மேன்தான். ஏன், முதலாளிக்குக் கழுத்து இல்லையா? பேய் எப்போதும் ஊர்க்கோடியிலிருந்து கிளம்பி பங்களாவுக்குப் போகிறது. பங்களாவிலிருந்து ஒரு பேய் கிளம்பி எங்கள் காலனிப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. யார் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று படம் எடுக்கிறவர்களே அவர்களுக்குள் முடிவு பண்ணிக்கொண்டார்களா? எங்களுக்கும்தான் பயம் இருக்கிறது, எங்களை யாராவது கேட்டார்களா? இதையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் அந்தப் படத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஏரியும் இல்லை, பாடையும் இல்லை. புகை. மெஷின் புகை சீராக வரும். இந்தப் படத்தில் புகை விட்டு விட்டு வந்தது. வேகமாகக் கொஞ்சம், பிறகு ஒரு நிறுத்தம், மறுபடியும் வேகமாக. முறத்தை வலக் கையிலிருந்து இடக் கைக்கு மாற்றுகிற நிறுத்தம் அது. என் கையை எனக்குத் தெரியாதா! சீட் நுனிக்கு வந்துவிட்டேன். நீல வெளிச்சத்தில் பாடை வந்தது. ஒப்பாரி கேட்டது. மாலைக்கு நடுவில் நைனாவின் முகம். நைனா கண்ணைத் திறந்தார். சிரித்தார்.

நான் போட்ட கூச்சலில் தூங்கினவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

நல்லதுக்கென்று எடுத்த ஷாட்டைப் படத்திலேயே சேர்த்துவிட்டான் அந்தப் பாவி. பிணம் சிரிக்கிறதாம், அதுதான் படத்தின் பெரிய திகில். இடி முழக்கம், நாய் ஊளை எல்லாம் அந்தச் சிரிப்பின் மேல் ஏற்றியிருந்தான். கீழே யாரோ, இந்தக் கிழவன் சிரிப்பைப் பார்த்துத் தூக்கமே போச்சு என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. முட்டை அட்டையில் விண்கலம் பார்க்கிற அதே புத்திதானே இதுவும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாஷ்டா முடிந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஃபோனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தேன். அம்மா கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பாடை வந்தது. ஒப்பாரி வந்தது.

"யாருடி இவ, வூட்டு ஆளே செத்த மாதிரி இப்டி அயுவுறா?" என்றாள்.

"நீதாம்மா."

அம்மா கையை இறக்கினாள். அந்த நேரம் பார்த்து நைனா கண்ணைத் திறந்தார். இடி இடித்தது, நாய் ஊளையிட்டது. அம்மா பயப்படவே இல்லை. திருப்பிப் போடு என்றாள். போட்டேன். இன்னொரு தடவை என்றாள். பல் எல்லாம் தெரிய, கண் சுருங்க, நல்ல சிரிப்பு. நானும் பிறந்ததிலிருந்து பார்க்காத சிரிப்பு.

அவள் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "ஏன்யா, கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து உன்கூட கீறேன். ஒரு நாளாச்சும் என்னப் பாத்து இப்டி சிரிச்சிருப்பியா? எவனோ கேமராக்காரன் சொன்னா மட்டும் சிரிப்பியா?"

நைனா தட்டில் கிடந்த இட்லித் துண்டைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"கேமராக்காரன எவன் பாத்தான்? கேமராவுக்குப் பின்னால நீ நின்னுகினு இருந்தமே. மூஞ்ச மூடிக்கினு அயுவுற. தெனம் என்னத் திட்டிக்கினே கீறியே, நான் செத்தா இவ அயுவாளா மாட்டாளான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு. கண்ணத் தொறந்தா, நீ அந்த அயுவு அயுவுற. சிரிப்பு வந்துடுச்சி."

ஃபோன் அதுபாட்டுக்கு அடுத்த பேய்க்குப் போயிருந்தது. அதை நிறுத்தினேன். அம்மா எழுந்து, "போக்கத்த ஆளு" என்று சொல்லிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து அவருடைய லுங்கியை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் நைனாவுக்குப் பச்சைத் துணி போர்த்தி, வண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் ரூம் கதவுக்கு முன்னால் அம்மா வண்டியின் கம்பியைப் பிடித்து நிறுத்திவிட்டாள். தள்ளுகிற ஆள், "ஏம்மா, டாக்டர் வெயிட் பண்றாரு" என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"யோவ், சிரிச்சிட்டுப் போ" என்றாள்.

நைனா சிரித்தார். அதே சிரிப்பு. கதவு மூடிக்கொண்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். முந்தானையை இந்தத் தடவை அவள் இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள்.