கலசத்துக்குள் ரோமாபுரி ராஜா

அடுத்த விங்கில் ஒரு தமிழர் ரோமாபுரி வெள்ளிக்காசு வைத்திருக்கிறாராம். லிஃப்டில் ஏறும்போது அதன் விலை ஏழு லட்சம்; இறங்குவதற்குள் நாற்பது ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் ஹடப்சரில் ஃப்ளாட் விலைகூட இப்படி ஏறாது. எரிச்சலாக இருந்தது. விசாரிக்கப் போனேன். அன்று வரலக்ஷ்மி நோன்பு.

காசுக்குச் சொந்தக்காரர் விஸ்வேஸ்வரன், ரிட்டயர்டு வங்கி மேலாளர். பூஜையறை வாசலில் தவித்துக்கொண்டிருந்தார். மறுநாள் நாணயக் கண்காட்சி. பலமுறை கெஞ்சி வாங்கிய இடம். மாலைக்குள் காசை ஒப்படைத்தாக வேண்டும்.

"காசு எங்கே சார்?"

"உள்ள இருக்கான், டைபீரியஸ் சக்ரவர்த்தி. கலசத்துக்குள்ள. அரிசி, விரலிமஞ்சள், எலுமிச்சம்பழம் சகிதமா!"

நோன்புக் கலசத்தில் வெள்ளிக்காசு போடுவது வழக்கம். மறுநாள் புனர்பூஜை முடியும்வரை கலசத்தைப் பிரிக்கக்கூடாது என்பதும் வழக்கம்.

"வல்லி, ஒரே நிமிஷம். தேங்காயை மட்டும் தூக்கி..."

"அம்பாள் முகத்தைக் கழட்டச் சொல்றேளா?" ஆனந்தவல்லி மாமி என் கையில் சுண்டலைத் திணித்தார்.

"வேற காசு போட்டிருக்கலாமோல்லியோ?" என்றார் கணவர்.

"பேஷா போட்டிருக்கலாம். எங்கம்மா கொடுத்த வெள்ளி ரூபாய் எங்கே?"

விஸ்வேஸ்வரன் மின்விசிறியைப் பார்த்தார். டைபீரியஸை விற்ற வியாபாரி, கொடுத்த பணம் போதாது என்றபோது, இவர் மேலே வைத்தது அந்த ரூபாயைத்தான்.

"கவலைப்படாதீங்கோ," என்றார் மாமி. "கருகருன்னு ஒரே அழுக்கு. விபூதி போட்டு நன்னா தேய்ச்சுட்டேன்."

காசு சேர்ப்பவர்களுக்கு அந்தக் கருப்புதான் உயிர். தேய்த்த காசை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

"அழுக்கில்லடி, அது வயசு!"

"எனக்கும்தான் வயசாறது. அதுக்காகக் குளிக்காம இருக்கேனா?"

கண்காட்சிக்காரரிடமிருந்து போன் வந்தது. இவர் ஹிந்தியில் குழைந்தார், மராத்தியில் கெஞ்சினார். கலசத்தை விளக்க இரண்டிலும் அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் இடம் பக்கத்து மகர்பட்டாக்காரர் ஒருவரின் தீப்பெட்டி லேபிள்களுக்குப் போய்விட்டது.

நாற்பது லட்சம் பொய். விசாரித்ததில், முப்பதாயிரமும் மாமியார் ரூபாய் ஒன்றும். அதுவும் விபூதிக்கு முந்தைய விலை.

மறுநாள் சக்ரவர்த்தி மஞ்சள் வாசனையோடு வெளியே வந்தார். மாமி கழுவித் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். "என் ரூபாய் வரட்டும், உங்க ராஜாவை விடறேன்."

வியாபாரி அதை என்றோ விற்றுவிட்டானாம். விஸ்வேஸ்வரன் ஞாயிறுதோறும் பழைய காசுக் கடைகளில் தேடுகிறார். நவராத்திரி வந்து போய்விட்டது. சாவி இன்னும் மாமியின் இடுப்பில்தான்.