ஏழாம் நம்பர் மட்டையின் பொட்டு

கண்ணாயிரத்துக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. அவர் உயிரோடு இருந்தபோதே எல்லோரும் இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டதால், இப்போது சொல்வதில் பாவமில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். குடிகாடு பக்கம் ஒரு கம்பெனி தன் அதிகாரிகளுக்காகப் போட்டிருந்த கோல்ஃப் மைதானத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. பழுது பார்க்கப் போனவரிடம் யாரோ விளையாட்டுக்கு மட்டையைக் கொடுத்தார்கள். அடித்தார். பந்து கொக்கு மாதிரி எழும்பிப் பறந்து, தூரத்தில் குழிக்கு அடையாளமாக நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. கெட்ட நேரம் அன்றைக்குத்தான் தொடங்கியது. அப்படி ஒரு அடி அதன்பிறகு விழவேயில்லை. மறுபடியும் விழும் என்று நம்பி, இருந்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அங்கேயே தொலைத்தார்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு அங்கே ஒரு போட்டி நடக்கும். யார் வேண்டுமானாலும் ஆடலாம். மட்டமாக ஆடுகிறவர்களுக்குச் சலுகை உண்டு. குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் ஜெயம் என்பதால், மொத்த அடிகளில் இத்தனை என்று கழித்துக்கொள்வார்கள். கண்ணாயிரத்துக்கு விதி இடம்கொடுக்கும் உச்சபட்ச சலுகை. அதையெல்லாம் கழித்த பிறகும் அவர்தான் கடைசி.

போன வருஷப் போட்டிக்கு முன்னால் அவர் மனைவி ராசம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“இந்த வாட்டியும் கடைசியா வந்தீங்கன்னா, அந்த ஸ்டிக்க வச்சி கொல்லையில முருங்கக்கா பறிப்பேன். சொல்லிட்டேன்.”

“டோர்னமெண்ட் ஸ்டிக்குடி அது!”

“முருங்க மரம் அதெல்லாம் கேக்காது.”

சொன்னாளே ஒழிய, ஆயுத பூஜையன்று கடையில் ட்ரில்லிங் மெஷினுக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்தவள், கோல்ஃப் பையையும் இழுத்தாள். ஏழாம் நம்பர் மட்டையின் முகத்தில், நட்ட நடுவில், சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். கண்ணாயிரம் பார்த்தும் பார்க்காதவர் போல் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று அவருடன் ஆடியவர் மஞ்சக்குப்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த அந்தோணிசாமி. எப்போதும் கடைசிக்கு முந்தின இடம் அவருக்கு.

“மச்சான், அந்தப் பொட்டத் தொடச்சிடு. பாக்கறவங்க சிரிக்கிறாங்க.”

“ராசம்மா வச்சதுடா. நான் உசுரோட இருக்கறப்ப அத எதுக்கு அழிக்கணும்?”

எட்டாவது குழி முடிந்தும் பொட்டு அழியவில்லை. பந்து நடுவில் பட்டால்தானே அழியும்? மட்டையின் மூக்கில் பட்டது, கழுத்தில் பட்டது, அடியில் பட்டது. இரண்டு முறை எதிலுமே படவில்லை. ஆனாலும் அந்தோணிசாமி அன்றைக்கு அவரைவிட மோசம். கடைசியான ஒன்பதாவது குழிக்கு வந்தபோது இருவரும் சமம். மற்றவர்கள் எல்லோரும் ஆடி முடித்து, எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

கண்ணாயிரம் முருங்கை மரத்தை நினைத்துக்கொண்டு அடித்தார். அதே அடி. அதே கொக்கு. பந்து கொடிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. அந்தோணிசாமி தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கொடியருகே நின்றிருந்த போட்டி நடத்துநர் ஞானசேகரன் குனிந்து பார்த்தார். பந்தின் மேல் செக்கச்செவேலென்று குங்குமம்.

“என்னா சார் இது, பந்துக்குப் பொட்டு? மட்டையில எந்தப் பொருளும் பூசி ஆடக் கூடாது. ரூல். உங்கள நீக்க வேண்டியதா இருக்கு.”

“இது பொருள் இல்ல சார், சாமி சமாச்சாரம்,” என்று மல்லுக்கு நின்றவர் அந்தோணிசாமி. அவருக்கு அதில் சுயநலமும் கிடையாது. கண்ணாயிரத்தை நீக்கினாலும் நீக்காவிட்டாலும் கடைசி இடம் தனக்குத்தான் என்று தெரிந்தே பேசினார். ஞானசேகரன் அசையவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே ராசம்மாள் கேட்டாள். “என்னா, கடைசியா?”

“கடைசி அந்தோணிசாமி.”

“நீங்க?”

“போர்டுல என் பேரே இல்ல.”

“அப்ப முருங்கக்கா?”

“தொரட்டியாலதான்.”

ஏன் பேர் இல்லை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. தை மாதம், கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். சாவுக்கு வந்த அந்தோணிசாமி சொல்லித்தான் ராசம்மாளுக்குப் பொட்டு விஷயம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். சொந்தக்காரர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது. துரட்டி எட்டாத கிளையில் காய்கள் முற்றி வெடிக்கின்றன. மட்டையை அவள் தொடுவதில்லை.