காருக்குள் விரித்த தடுக்கு

என் கொழுந்தன் மனைவி கார் ஓட்டினாள். அதுதான் என் நோவு.

அறுபதுகளின் பிற்பகுதி. காரைக்குடியில் பெண்கள் காரில் ஏறியதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்வோம். அவள் பினாங்கில் தகப்பனாரிடம் ஓட்டக் கற்றவள். திரையை ஒதுக்கிவிட்டு, வளையல் குலுங்க கியர் மாற்றுவாள். பத்து வருஷத்தில் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத என் கணவர், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குக் கை எம்புட்டு நிதானம்." நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதி இலைக்கு வெளியே போயிற்று.

அதுவரை பின் சீட்டில் என்னோடு உட்கார்ந்த மாமியார், அவள் ஓட்ட வந்தபின் முன்னால் போய்விட்டார்.

காருக்குப் பொட்டு வைத்த நாளிலிருந்து செருப்போடு யாரும் ஏறக் கூடாது என்பது மாமியார் கட்டளை. வெறுங்கால் சுடாமலிருக்கத் தரையில் தடுக்கு விரிப்போம், பனையோலையில் முடைந்த சின்னப் பாய். முடைவதில் எங்கள் வளவில் என்னை மிஞ்ச ஆளில்லை. அவள் காலடிக்கென்று ஒன்று முடைந்தேன், சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டு. அவள் ஆளுகிற இடத்தில் என்னுடையதும் ஒன்று கிடக்கட்டுமே.

"ஆச்சி, இது காலுக்கு வழுக்குது. பின்னால போட்டுக்கிறீகளா?" என்று இரண்டு தரம் எடுத்துக் கொடுத்தாள். மூத்தவள் என்பதால் என்னை ஆச்சி என்பாள்.

"ஏன், நான் முடைஞ்சது ஒன் காலுக்கு ஆகாதாக்கும்" என்று இரண்டு தரமும் மறுபடி விரித்தேன்.

நாச்சியாபுரத்தில் கல்யாணம். மாமியார், அவள், நான் மூவரும் கிளம்பினோம். ஊர் தாண்டிச் செம்மண் வெளி. வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. கண்மாய்க்கரை வளைவு தொலைவில் தெரிந்தபோது கார் சட்டென்று சீறியது. அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள், நான் பார்த்தேன், வண்டி அடங்கவில்லை. பனைகள் பின்னால் ஓடின. எதிரே வைக்கோல் வண்டி ஒன்று, ரோடு முழுக்கத் தனக்கே என்பதுபோல அசைந்து வந்தது.

"பைய, ஆத்தா, பையப் போ" என்றார் மாமியார்.

அவள் கிளட்ச்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். எஞ்சின் ஓலமிட்டது, ஆனால் சக்கரத்தை விட்டுவிட்டது. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தாள். சாவியைத் திருப்பினாள். அந்த அமைதியில் கார் உருண்டு உருண்டு, கரையோரக் கருவேலத்தை உரசி நின்றது. வைக்கோல் வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "நெழலுக்கு ஒதுங்குனீகளா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் குனிந்து தடுக்கை இழுத்தாள். முன்னால் நழுவி மடிந்து, ஆக்சிலரேட்டரின் மேல் ஏறி அதை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சிவப்பு ஓரம் பிய்ந்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தடுக்கைச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னத்தா ஆச்சு?" என்றார் மாமியார்.

"வண்டி மக்கர் பண்ணிருச்சு."

"வண்டி இல்ல. பொம்பள ஓட்டுனா இப்படித்தான். நாளையிலேருந்து டிரைவர் வரட்டும். சாவியக் குடு."

நான் வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து விழுந்தது. பின் சீட்டில் மாமியார் மறுபடி என் பக்கத்தில். சாப்பாட்டுப் பேச்சில் எவள் கையின் நிதானமும் இல்லை. நான் வாய் திறக்காமலிருந்தால் போதும்.

அவள் சாவியை நீட்டினாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையும் அவளுக்கு, காரும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டாளா?

"நான் விரிச்ச தடுக்கு அது. வழுக்குதுன்னு ரெண்டு தரம் சொன்னா. நாந்தான் வீம்புக்குப் போட்டேன். அவ இல்லாட்டி மூணு பேரும் வைக்கலுக்குள்ள கெடந்திருப்போம்."

நல்ல மனசில் சொன்னதல்ல. நல்ல மனசென்றுதான் இன்றுவரை வீட்டார் நினைக்கிறார்கள்.

மாமியார் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சாவியை அவள் கையிலேயே திணித்தார்.

"ஓட்டு. தாலி கட்டுறதுக்குள்ள போகணும்."

அவள் வெறுங்காலைத் தகரத்தில் வைத்துக் கிளப்பினாள். சுட்டிருக்கும். முகம் சுளிக்கவில்லை. நாச்சியாபுரம் வரைக்கும் அவள் பிடரியையே பார்த்துக்கொண்டு எரிந்தபடி போனேன்.