பைசா நகரத்து மாடிக் குரல்

எங்கள் கோழிப் பண்ணையின் பின்வேலியை ஒட்டித்தான் ஊர்ச் சுடுகாடு. கல்யாணமாகி எருமப்பட்டிக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் தனியாகப் போய் வருகிறவள் நான், பிணம் எரிந்துகொண்டிருக்கும்போதே கோழிகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

மகள் காயத்ரி இத்தாலியில், பைசா நகரத்தில் படிக்கிறாள். போன வருஷம் நானும் வீட்டுக்காரரும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். சாய்ந்த கோபுரத்தை வந்த அன்றைக்கே பார்த்தாகிவிட்டது, எல்லோரையும் போல இவரும் அதைக் கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். "கோபுரத்தப் பாத்ததும் எல்லாரும் பஸ் ஏறிர்றாங்கம்மா. நெசமான ஊரு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குது, நடந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

நாங்களும் நடந்தோம். அகலமான ஆறு, இரண்டு கரையிலும் மஞ்சளும் செங்கல் நிறமுமாக வீடுகள், பாலம் தாண்டினால் கரையோரத்திலேயே வெள்ளைக் கல்லில் நகைப்பெட்டி மாதிரி ஒரு குட்டிச் சர்ச்சு. இவர் அதைப் படமெடுக்க நின்றுவிட்டார். நல்ல உச்சி வெயில். அந்த ஊரில் மத்தியானமானால் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள், தெருவில் ஈ காக்கை இல்லை. நிழலுக்காகப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தேன், இவர் பின்னாலேயே வருகிறார் என்ற நினைப்பில்.

"ஏ புள்ள தெய்வானே, இங்க மேல வா."

இவர் குரல். ஒரு பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது, அதற்குள்ளிருந்து வந்தது. எனக்கு முன்னால் எப்படிப் போனார் என்று யோசித்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

"ஆரு ஊடுங்க அது?" என்றேன்.

"நம்மூர்க்காரங்க ஊடுதான். காப்பி வெக்கறாங்க, வா."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு சம்பந்தம் பேசிவிடுகிற மனுஷன் இவர். இத்தாலியிலும் ஒரு நாமக்கல்காரரைப் பிடித்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே ஏறினேன். குறுகலான கல் படி, சுற்றிச் சுற்றிப் போகிறது, ஈரச் சுண்ணாம்பு வாசம், போகப் போக இருட்டு. நான் எவ்வளவு ஏறினாலும் குரல் மட்டும் பக்கத்தில் வரவே இல்லை.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"வந்துட்ட, வந்துட்ட." குஞ்சுகளைத் தீனிக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் கையில் போன் அடித்தது. பார்த்தால் திரையில் இவர் போட்டோ, இவர் நம்பர். விளையாடுகிறாராக்கும் என்று எடுக்கப் போனேன்.

"அந்தப் போன எடுக்காத புள்ள."

நம்புங்கள் நம்பாமல் போங்கள், அதுவும் இவர் குரல்தான். ஆனால் மேலே எங்கோ தூரத்தில் இல்லை. என் தலைக்கு மேல், அடுத்த திருப்பத்தில். அப்புறம் யாரோ செருப்பில்லாத காலோடு ஒரு படி இறங்கினார்கள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. விழுந்து உருண்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வெயிலில் வந்து விழுந்தேன். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால், "எங்க போயிட்ட? நான் ஆத்தோரத்துலயே நிக்கறேன்" என்கிறார். ஓடினேன், அங்கேதான் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "போலாம்" என்றார். ரத்தம் வழிகிற காலைப் பார்த்தும் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் காயத்ரியை இழுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன், இவர் வர மறுத்துவிட்டார். பச்சைக் கதவு பூட்டியிருந்தது. காயத்ரி அவர்கள் பாஷையில் கேட்க, எதிர்க்கடை அம்மா சாவி கொண்டுவந்து திறந்து காட்டினார். உள்ளே நாலைந்து சைக்கிள், அதற்குப் பின்னால் சுவர். படி என்று ஒன்று இல்லை. "வேற கதவா இருக்கும்மா" என்றாள் மகள். இருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஊருக்கு வந்து ரொம்ப நாள் கழித்து, ஷெட்டில் முட்டை அடுக்கிக்கொண்டிருக்கும்போது இவராகத்தான் பேச்செடுத்தார்.

"அன்னிக்கு உனக்கு ரெண்டு தடவ போன் பண்ணுனேன் புள்ள. மொதத் தடவ நீ எடுத்த."

"நான் எடுக்கவே இல்லீங்க. ஒரு தடவதான் அடிச்சுது."

"எடுத்த. மேல இருக்கேன், நீயும் வான்னு சொன்ன. சந்து, பச்சக் கதவு, எல்லாம் அடையாளம் சொன்ன. நானும் கெளம்பிட்டேன். அப்பறம் எம்பேரச் சொல்லிக் கூப்பிட்ட பாரு, அங்கயே நின்னுட்டேன். உன்ற கொரலேதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவர் பேரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. பேங்கில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். என் குரலில் அவர் பேர் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அவருக்குத் தெரியும்.