மூன்று டின்னிலும் ஒரே ஆயில்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். பத்திரிகை ஆபீசில் இதை டைப் அடிக்கும் தங்கைதான் வாரா வாரம் என் மானத்தைக் காப்பாற்றுகிறார். இந்த வாரம் அவருக்கு வேலை கொஞ்சம் அதிகம். எழுதுவதும் அடிப்பதுமாகவே தாள் கறுத்துவிட்டது.

காரணம்... இதை எழுதலாமா வேண்டாமா என்று மனசு இழுத்துக்கொண்டே இருந்தது.

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆயில் குறைந்தால் எதை ஊற்றுவது? ஒரு கம்பெனி ஆயிலோடு இன்னொரு கம்பெனி ஆயிலைக் கலக்கலாமா? பதில் எழுத உட்கார்ந்தால் ராமலிங்கம் அண்ணன் முகம்தான் வந்து நிற்கிறது. பெயரை மாற்றியிருக்கிறேன்.

அண்ணன் பூதலூர் பக்கத்து விவசாயி. எழுபதை நெருங்குகிறவர். இருபது வருஷத்துக்கு மேல் ஆன வெள்ளை டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறார். பக்கத்து ஊர் என்றால் அவரே ஓட்டுவார். தூரம் என்றால் ஆக்டிங் டிரைவரான என்னைக் கூப்பிடுவார்.

ஆயில் விஷயத்தில் அவரைப் போலக் கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. அவர் கொட்டகையில் ஒரு பலகை. அதில் மூன்று டின். டிராக்டருக்கு ஒன்று, தண்ணீர் இறைக்கும் இன்ஜினுக்கு ஒன்று, காருக்கு ஒன்று. நம் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எது கைக்கு எட்டுகிறதோ அதைக் காரில் சாய்த்துவிடுகிறோம். எல்லாம் ஆயில்தானே!

அண்ணன் அப்படி இல்லை. ஒருமுறை நாகப்பட்டினத்தில் இருந்து திரும்பும்போது, பெட்ரோல் பங்க்கில் இருந்தவர் வேறு கிரேடு ஆயிலை ஊற்ற வந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, உன் வீட்டு மீன் குழம்புல பக்கத்து வீட்டுப் பாயசத்தை ஊத்துவியா?"

பங்க்காரரே சிரித்துவிட்டார். அதன் பிறகு டிக்கியில் சொந்த டின் இல்லாமல் அண்ணன் தூரப் பயணம் கிளம்பியதே இல்லை.

இந்தக் கார்த்திகையில் குடவாசலில் ஒரு வளைகாப்பு. அண்ணியின் தங்கை மகளுக்கு. மழை விட்டிருந்த காலை நேரம். நான் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பின்னால் நீலப் புகை... வாசல் முழுக்கப் புகை. உடனே ஆஃப் செய்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். குச்சியில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இங்கே மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவுக்கு ஏறியிருந்தது. தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். காருக்கு ஊற்றுகிற ஆயிலா இது? அவ்வளவு கெட்டி.

அண்ணனிடம் கேட்டேன். குறைந்திருந்தது, காலையில் கொஞ்சம் ஊற்றினேன் என்றார்.

"எந்த டின்னுண்ணே?"

அவர் பலகையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "காரு டின்னுதான்ப்பா" என்று கையை நீட்டினார்.

அவர் விரல் காட்டியது தண்ணீர் இறைக்கும் இன்ஜினின் டின்னை.

புகையைப் பார்த்து நான் பயப்படவில்லை. அந்த விரலைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அண்ணன் சட்டை மாற்ற உள்ளே போனார். அண்ணி வெளியே வந்தார். எனக்குப் பொதுவாகவே பேச்சு வராது. பெண்களிடம் என்றால் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். ஆயில் அதிகமாக இருக்கிறது, கலந்தும் இருக்கிறது என்று மட்டும் தரையிடம் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார் அண்ணி.

பல மாதங்களாகவே இப்படித்தானாம். ஆயில் ஊற்றிவிட்டு வந்து காபி குடிப்பார். குடித்து முடித்ததும், வண்டியில் ஆயில் பார்க்கவில்லையே என்று மறுபடி எழுந்து போவார். தஞ்சாவூர் டாக்டர் மறதி நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். கார் சாவியை அண்ணி ஒளித்து வைத்துவிட்டார். நிலத்தையும் டிராக்டரையும் மருமகன் முறையில் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். சென்னையில் இருக்கும் மகள், காரை விற்றுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். பெற்ற மகள் வேறு என்ன சொல்வாள்?

அண்ணிக்கு ஒரே பயம்தான். எந்த உரம், எந்த வயல் என்பதெல்லாம் அண்ணனுக்கு மறந்துபோய்விட்டது. காலையில் எழுந்ததும் யாரும் சொல்லாமல் அவராகத் தேடிப் போகிற வேலை அந்த பானெட்டைத் திறப்பது ஒன்றுதான்.

"அதையும் புடுங்கிட்டா அவருக்கு என்ன தம்பி மிச்சம்? நாற்காலிதான்."

வளைகாப்புக்கு வேறு வண்டி பிடித்துப் போனோம். மறுநாள் கலந்திருந்த ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, சரியான ஆயிலைப் புதிதாக ஊற்றினேன்.

அடுத்துச் செய்த காரியம் அண்ணியின் யோசனை. மூன்று டின்னையும் காலி செய்யச் சொன்னார். சுத்தமாகத் துடைத்து, மூன்றிலும் கார் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னார்.

"அவரு எதை எடுத்தாலும் இனிமே தப்பாகாது. ஊத்தட்டும். அதிகமாறதை நீங்க வந்து எடுத்துடுங்க."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். அடியில் நட்டைத் தளர்த்தி, கோட்டுக்கு மேல் இருப்பதை வடிக்கிறேன். பிறகு அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்க்கால் பாலம் வரை ஒரு ஓட்டு. தண்ணீர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, அணையை எப்போது திறப்பார்கள் என்று கேட்பார்.

வாசகர்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காரின் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையை, பார்த்து வாங்குங்கள். கிரேடும் தரமும் ஒன்றாக இருந்தால் கம்பெனி மாறுவதால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. நடுவழியில் வேறு கிரேடு கொஞ்சம் ஊற்ற வேண்டி வந்தால், ஊர் வந்து முழுக்க மாற்றிவிடுங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டுவதை விட அது மேல். வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவைப் பாருங்கள். அதிகமானாலும் ஆபத்துதான். அவ்வளவுதான் விஷயம். இதையெல்லாம் அண்ணன் என்னைவிட அழகாகச் சொல்வார்... சொல்லிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் அண்ணி அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போய்விடுவார். அன்றைக்கு எப்படியோ தப்பி வந்துவிட்டார். என் தலைமாட்டில் இரண்டு கால்கள்.

"யாருப்பா கீழ?"

"நான்தாண்ணே... கோபாலு."

"என்ன வடிக்கிற?"

"ஆயில் கொஞ்சம் கூடிப்போச்சுண்ணே."

"யாரு ஊத்துனா?"

அண்ணனைத் தேடிக்கொண்டு அண்ணி வாசலுக்கு வந்துவிட்டார். சேலை விளிம்பு தெரிந்தது. அது அப்படியே நின்றது.

"நான்தாண்ணே ஊத்துனேன்."

அண்ணன் பிடித்துக்கொண்டார். "கோடு எதுக்குய்யா போட்டிருக்கான்? அதுக்கு மேல போனா நுரை தள்ளும், சீலு அடிச்சுக்கிட்டுப் போகும். அப்புறம் இன்ஜினைப் பிரிச்சுக்கிட்டு உக்காரணும். இத்தனை வருஷம் வண்டி ஓட்டுறியே, புத்தியை எங்க அடகு வச்ச?"

ஒரு வார்த்தை தப்பில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பழைய அண்ணன் அப்படியே வந்து நின்று திட்டினார். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்று இருந்தது எனக்கு. கண்ணில் நீர் முட்டியது. கையெல்லாம் ஆயில், துடைக்க முடியவில்லை.

நட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் அங்கே இல்லை. அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குள் இருந்து அண்ணன் வந்தார். கையில் டின்.

"வாப்பா கோபாலு, எப்ப வந்த?" என்றார். "வண்டில ஆயிலு குறைஞ்சிருக்கும். ஒரு வாய் ஊத்திடுவோமா?"

பானெட்டைத் திறந்தேன். மூடியைக் கழற்றினேன். அவர் டின்னைச் சாய்த்தார். புனலைப் பிடித்துக்கொண்டேன்.

ஊற்றட்டுமே... ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு என்ன வேலை?

ஒருவழியாக எழுதி முடித்தது, மாசி பன்னிரண்டு, மத்தியானம்.