ஊஞ்சலைச் சுருட்டி வைத்த மனிதர்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கலியபெருமாள் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் நம் பூங்காவில், சின்னக் குழந்தைகளை உட்கார வைத்து ஆட்டும் ஊஞ்சல் கூடைக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். காலுக்கு இரண்டு ஓட்டையும் முன்னால் ஒரு கம்பியும் வைத்து, மூன்று வயது இடுப்புக்காகச் செய்த கூடை அது. என் இடுப்புக்கு ஐம்பத்திரண்டு வயது. உள்ளே போனது. வெளியே வரவில்லை.

பூங்காவில் தோட்ட வேலை பார்க்கும் அஞ்சலை கேட்டிலிருந்து ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மறந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நினைவு வந்துவிட்டது. அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, நம்ம சூப்பர்வைசர் பூட்டாருக்கா" என்றாள்.

சாவுச் செய்தி கேட்டால் மனிதர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. முடியவில்லை.

இந்த நாலு பக்க மாத மடலைப் படிக்கும் நடைப்பயிற்சி நண்பர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரியும் என்றால், காக்கிச் சட்டை, கையில் ஸ்பேனர், இப்போதுதான் எங்கோ ஒரு கெட்ட சத்தம் கேட்டுவிட்டு வந்தவரைப் போன்ற முகம், அவ்வளவுதான். நம்மில் பாதிப்பேர் அவர் பெயரைக் கேட்டதில்லை. 'ஊஞ்சல் சுருட்டி' என்று நாமே ஒரு பெயர் வைத்தோம். நாம் என்று சொல்வது என் தந்திரம். வைத்தது நான். இதே மடலில், இதே பக்கத்தில்.

அவரிடம் நான் முதன்முதலில் பேசியதே சண்டைதான். பூங்காவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. சறுக்குமரம் மாம்பழ மஞ்சளில் பளபளத்தது. அதன் காலடியில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்கூட்டர் சாவியால் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பொதுச் சொத்து என்றால் எனக்கு ஆவேசம் வரும், குறிப்பாக நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால்.

"இன்னா சார் பண்றீங்க? உங்க வீட்டு செவுத்த இப்படிச் சொரண்டுவீங்களா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "எங்க வீட்டு செவுத்துல கொழந்தைங்க சறுக்கறதில்லம்மா" என்றார்.

அடுத்த அழுத்தலில் சாவி பாதிவரை இரும்புக்குள் போய்விட்டது. என்னைக் கையை நீட்டச் சொல்லி, உள்ளே இருந்ததை நோண்டி எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். நமத்துப்போன பிஸ்கட் தூள் போல இருந்தது. சற்றுமுன்தான் ஏழெட்டுக் குழந்தைகள் அதில் வரிசையாகச் சறுக்கிப் போயிருந்தார்கள்.

"புதுப் பெயிண்ட்டப் பாத்தாலே எனக்குச் சந்தேகந்தான் மேடம். கடல் உப்புக்காத்து நேரா வந்து சண்ட போடாது. உள்ள பூந்து உக்காந்துக்கும். மேல பாத்தா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும்."

அன்று மாலைக்குள் சறுக்குமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார். ஒவ்வொரு முறை பெயிண்ட் அடித்த பிறகும், இரும்பு சேரும் மூட்டுகளில் எல்லாம் ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டி வைப்பது அவர் வழக்கம். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. 'எவனோ ரௌடிப் பசங்க வேலை' என்று நாம் உச்சுக்கொட்டிய கீறல்கள் எல்லாம் அரசாங்கச் சம்பளத்தில் போட்டவை.

ஒருநாள் அவரிடம், காலையில் நடைபாதை முழுக்க மஞ்சள் பூ கொட்டி வைக்கிறதே, அந்த மரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "எது, ரெண்டாவது கெள பொக்கையா இருக்குமே, அதுவா?" என்றார். பெயர் அவருக்குத் தெரியாது. பூத்திருக்கிறது என்பதே நான் சொல்லித்தான் தெரியும் என்று நினைக்கிறேன். நமக்கு அது பூங்கா. அவருக்கு அது யார் தலையிலாவது ஏதாவது விழக்கூடிய இடம். தென்னை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த காதல் ஜோடியை அவர் எழுப்பி விரட்டியபோது, ஒழுக்கமான மனிதர் என்று மெச்சியவர்கள் நம் குழுவிலேயே உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன், அவர் வெள்ளைத் தொப்பி போட்டு நடப்பவர். அண்ணன் ஜோடியைப் பார்க்கவே இல்லை. மேலே முற்றிக் காய்ந்திருந்த தேங்காய் நெற்றைத்தான் பார்த்தார். மழை நாட்களில் எந்த விளக்குக் கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றாலும், மின்சாரக்காரர்கள் வரும்வரை குடையோடு அதன் பக்கத்தில் நின்று, வருகிறவர்களை எல்லாம் சுற்றிப் போகச் சொல்வார். அவரும் நனைந்த செருப்போடுதான் நின்றார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

இனி ஊஞ்சல்.

இரண்டு பக்கமும் கால்கள், மேலே நீளமாக ஒரு குறுக்குக் குழாய், அதிலிருந்து சங்கிலியில் தொங்கும் இரண்டு கூடைகள். வாரத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, ஸ்பேனரால் அந்தக் குழாயைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஒரு காலை அப்படி ஏறி இறங்கியவர் முகம் வெளுத்திருந்தது.

"சத்தம் மாறிப்போச்சு மேடம். கணீர்னு கேக்கும். இன்னைக்கி சோறு நெறைஞ்ச பானையத் தட்டுன மாதிரி கேக்குது."

துரு உள்ளே தின்று தீர்த்துவிட்டது என்பது அவர் முடிவு. குழாயை மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பதில் வரும்வரை, சங்கிலிகளைக் குழாயின் மேலேயே நன்றாகச் சுருட்டி, யாருக்கும் எட்டாத உயரத்தில் கூடைகளை நிறுத்தினார். பதில் வரவில்லை. கோடை விடுமுறை வந்தது. குழந்தைகள் அண்ணாந்து பார்த்து அழுதன. எனக்கு எழுத விஷயம் கிடைத்தது.

'ஊஞ்சலுக்குத் தூக்கு' என்று தலைப்பு வைத்தேன். குழந்தைகள் சிரித்தால் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயப்படும் ஒரு மனிதரைப் பற்றி எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். செல்போனில் ஒருவருக்கொருவர் அனுப்பினீர்கள். அது சுற்றிச் சுற்றி அவருடைய மேலதிகாரி ஒருவரின் போனுக்கும் போனது. அந்த வாரமே அந்த அதிகாரி காரில் வந்து இறங்கினார். கீழேயிருந்தே குழாயைப் பார்த்து, "பெயிண்ட்டே போகல, இதுல இன்னாய்யா கோளாறு?" என்று கேட்டார். கலியபெருமாள் அண்ணனையே ஏணியில் ஏற்றி, எல்லோர் முன்னாலும் சங்கிலிகளை அவிழ்க்க வைத்தார். குழந்தைகள் கைதட்டின. நானும்தான்.

ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன் என்னைத் தாண்டிப் போனார். "நல்லா எழுதியிருந்தீங்க மேடம். எம் பொண்டாட்டிகூடச் சிரிச்சா" என்றார். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஆனா, நீங்க எழுதறது வுழுந்தா யாரு மண்டையும் ஒடையாது."

கோபமாகச் சொல்லவில்லை. பொறாமையோடு சொன்னார் என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாளிலிருந்து மாலை நாலு மணிக்கு வந்து, பூங்கா மூடும்வரை ஊஞ்சல் கால் ஒன்றைப் பிடித்தபடி நிற்க ஆரம்பித்தார். குழாய் அசைவது கையில் தெரியுமாம். குழந்தை உயரப் போனால் அவர் தோளும் உயரும். கீழே வந்தால்தான் மூச்சு விடுவார். நான் வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்ததும் கண் தானாக மேலே போனது. சங்கிலி கிரீச்சிட்டால் என் பல் கூசியது. நான் அவிழ்த்துவிட்டது சங்கிலியை அல்ல, அவர் பயத்தை என்று புரிந்தது. புரிந்து என்ன, மறுபடி சுருட்ட எனக்கு உயரம் போதாது.

பிறகு அவரைக் காணவில்லை. மஞ்சள் காமாலை முற்றிக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அஞ்சலை சொன்னாள். சாத்துக்குடியோடு போய்ப் பார்த்தேன். கண் இரண்டும் நம் சறுக்குமரத்தின் நிறத்தில் இருந்தன. அவர் மனைவி செல்வி அண்ணி கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"ஊஞ்சல் ஓடுதா மேடம்?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்று காலைகூட இரண்டு குழந்தைகள் ஆடியதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"இல்லண்ணே, சுருட்டியாச்சு."

"யாரு சுருட்டுனது?"

"அஞ்சலைதான்."

"எத்தன சுத்து?"

"அஞ்சு."

பொய்க்கு விவரம் சேர்ப்பதுதானே என் பிழைப்பு. அவர் உதடு அசைய எண்ணிப் பார்த்தார். "அஞ்சு போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்தபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு நாளா இதையே பொலம்பிட்டு இருந்தாரும்மா. நீங்க சொன்னப்புறந்தான் தூங்குறாரு."

அந்தத் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க ஒரே வழி, பொய்யை உண்மையாக்குவது. நேராக அஞ்சலையிடம் போனேன்.

"யக்கா, அது ஆர்டர் போட்டு அவுத்தது. நான் அதச் சுருட்டுனா என் வேலையச் சுருட்டிடுவாங்க" என்றாள். வெட்டிய புல்லை மூட்டையாகக் கட்டிக்கொண்டே, "வேணும்னா ஒரு கூடையில என் புல்லு மூட்டைய வெச்சிடறேன். அது எங்கனா வெக்கணும்தானே" என்றாள்.

மற்றக் கூடைக்கு என்னைத் தவிர வேறு மூட்டை கிடைக்கவில்லை.

பதினோரு மாலைகள் அதன் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். "ஆன்ட்டி, எறங்குங்க, எங்க டர்னு" என்று பிள்ளைகள் சட்டம் பேசின. அவர்களின் அம்மாக்கள் பார்த்த பார்வையை எழுத இந்த மடலில் இடம் போதாது. மேலே குழாயில் ஒரு அணில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "உன்னையே தாங்குதுன்னா அதுல டவுன் பஸ்ஸக் கட்டித் தொங்கவிடலாம்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கிலி முனகும்போதெல்லாம் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வேன். பயம் ஒரு பக்கம், விழுந்தால் என்மேல் விழட்டும் என்ற வீரம் ஒரு பக்கம். வீரத்தை நம்பாமல் இரண்டு காலையும் தரையிலேயே வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் மாலை, பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர் தன் குழந்தையோடு வந்தார். "அஞ்சே நிமிஷம், மதாம்" என்று மரியாதையாகக் கேட்டபடியே குழந்தையைத் தூக்கிக் கூடைக்கு மேலே கொண்டுவந்துவிட்டார். குழந்தைக்கு முன்னால் நான் உள்ளே இறங்கிவிட்டேன்.

அப்போதுதான் அஞ்சலை ஓடி வந்தாள்.

அஞ்சலை ஒரு கையையும் பிரான்சுக்காரர் ஒரு கையையும் பிடிக்க, வாசலில் சர்பத் விற்கும் பாய் கூடையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "இழுக்காதீங்க, குழா வுழுந்துடும்" என்று நான் கத்தினேன். மூன்று பேரும் காதில் வாங்காமல் தொங்காத குறையாக இழுத்தார்கள். அப்படி வெளியே வந்து, சுடிதாரில் கிழிந்த இடத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு, சாரம் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நேத்து ராத்திரிகூட சொன்னாரும்மா. அஞ்சு சுத்து சுத்தியாச்சு, இனிமே ஒண்ணுமில்லன்னு." நானும் அழுதேன். என் அழுகையில் பாதி பயம். அந்த நேரத்தில் பூங்காவில் இருந்த காவல் ஒரு புல் மூட்டை மட்டும்தான்.

மறுவாரம் குழாயை மாற்றச் சொல்லி மனு எழுதி, உங்களிடம் எல்லாம் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கினேன். சிலர் அவர்மேல் இருந்த அன்பில் போட்டீர்கள். சிலர் நான் இனி ஊஞ்சலில் உட்காரக் கூடாது என்பதற்காகப் போட்டீர்கள். இரண்டுக்கும் நன்றி. மேலதிகாரியின் அலுவலகத்தில் என்னைப் பார்த்தாலே எல்லோரும் எழுந்து போக ஆரம்பித்த பிறகு, ஒருநாள் வெல்டர் ஒருவரை அனுப்பினார்கள். குழாயை அறுத்து இறக்கினார்கள். புதுக் குழாய் இன்னும் வரவில்லை. இரண்டு பக்கக் கால்கள் மட்டும் நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவற்றைச் சொல்கிறேன். ஒன்று, அந்த ஸ்கூட்டர் சாவி. சுரண்டிச் சுரண்டி முனை தேய்ந்து வண்டிப் பூட்டில் நிற்காமல் போனதால், அவர் மகன் வேறு சாவி செய்துகொண்டார். பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதுக் குழாய்க்குப் பெயிண்ட் அடித்த மறுநாள் மூட்டுக்கு மூட்டு கீறல் விழுந்திருந்தால் ரௌடிப் பசங்களைத் திட்டாதீர்கள். இரண்டாவது, அவருடைய பயம். அதை வைத்துக்கொள்ள வேறு யாரும் முன்வரவில்லை. எந்தப் பூங்காவில் நுழைந்தாலும் பூவுக்கு முன்னால் கிளையைப் பார்க்கிறேன். மஞ்சள் பூ மரத்தின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. இரண்டாவது கிளை பொக்கை என்பது தெரியும்.

மூன்றாவது, அறுத்த குழாயில் ஒரு சாண் துண்டு. என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். அதை என் கையில் கொடுத்தபோது வெல்டர் சொன்னது இது:

"துருவே இல்ல மேடம், நல்ல கனமான குழா. உள்ள பூரா தேங்கா நாரு அடச்சிருந்துது. அணில் கூடு."